"இதில் கோதுமை உண்டா?" கேட்பதற்கு வெட்கம் எதற்கு?

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் ஆர்லண்டோ என்று ஒரு நகரம். அதன் அருகே இருப்பதுதான் "வால்ட் டிஸ்னி உலகம்". 1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி திறக்கப்பட்டது. இன்று அங்கே 4 பெரிய பூங்காக்கள் இருக்கின்றன. தங்குவதற்கு விடுதிகள் இருக்கின்றன. தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன.

குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நாலைந்து நாள் தங்குகிறார்கள். குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம்!

ஆனால், அங்கே வரும் சில பிள்ளைகளுக்கு ஒரு பயம் உண்டு. ராட்டினத்தைக் கண்டு அல்ல. சாப்பாட்டைக் கண்டு!

என்ன நோய்?

பரோட்டாவுக்கு மாவு வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். மாவு கிழியாமல் இழுபட்டு நீளுகிறது அல்லவா? அதற்குக் காரணம் கோதுமையில் உள்ள பசைச் சத்து. அதற்குக் "குளூட்டன்" என்று பெயர். பார்லியிலும், ரை என்ற தானியத்திலும் இதே வகைச் சத்து இருக்கிறது. அரிசியில் இல்லை.

உலகில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இந்தச் சத்து ஆகாது. அதைத் தின்றால் உடம்பே தன் குடலைத் தாக்குகிறது. தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. வயிறு உப்பும். பேதியாகும். பிள்ளை வளராது. இதுதான் "சீலியாக்" நோய்.

இதற்குக் கோதுமைதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் ஆலந்து நாட்டுக் குழந்தை டாக்டர் வில்லம் டிக்கே. இரண்டாவது உலகப்போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-ல், ஆலந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது இந்த நோயாளிக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்தது. நோயும் திரும்பி வந்தது. கோதுமைதான் குற்றவாளி என்று டாக்டர் முன்பே சந்தேகப்பட்டிருந்தார். அந்தச் சந்தேகம் இப்போது வலுத்தது. 1950-ல் தன் ஆராய்ச்சியை நூலாக எழுதினார்.

இந்த நோய்க்கு இன்றும் மருந்து, சாப்பாடுதான். குளூட்டன் இல்லாத சாப்பாடு. அதுவும் ஆயுள் முழுவதும்!

துளி போதும்

"கொஞ்சம் பட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு.

நாள்தோறும் 50 மில்லிகிராம் உள்ளே போனாலே குடல் கெடும் என்று 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. ஒரு துண்டு ரொட்டியில் இதைப்போல் பல மடங்கு இருக்கிறது.

ரொட்டியைத் தின்ன வேண்டும் என்பதில்லை. ரொட்டி வெட்டிய கத்தி போதும். மாவு தோய்த்த கோழியைப் பொரித்த எண்ணெயிலேயே உருளைக் கிழங்கையும் பொரித்தால் போதும். கிழங்கில் கோதுமை இல்லை. எண்ணெயில் இருக்கிறதே!

1 கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால்தான் "குளூட்டன் இல்லாதது" என்று பாக்கெட்டில் அச்சிடலாம். 2013-ல் அமெரிக்க அரசு போட்ட விதி இது. ஆனால் ஓட்டலில் தட்டில் வரும் சாப்பாட்டுக்குப் பாக்கெட் ஏது? சமையல்காரரின் வாய்ச்சொல்தான் அங்கே பாக்கெட்!

அங்கே என்ன செய்கிறார்கள்?

டிஸ்னி பூங்காவில் பல கடைகளில் ஒவ்வாமை உள்ளவர்களுக்கென்று தனி உணவுப் பட்டியல் இருக்கிறது. இடம் பதியும்போதே நோயைச் சொல்லலாம். மேஜையில் உட்கார்ந்ததும் சொல்லலாம். கேட்டால் சமையல் தலைவரே வந்து பேசுவார். எல்லோரும் தாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் விருந்தில், உள்ளேயிருந்து தனித் தட்டு கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. பல கரண்டிகள் கலந்துவிடும் அல்லவா, அதற்காக!

இதோடு இன்னொன்றும் செய்கிறார்கள். "எங்களிடம் இதற்குத் தனிச் சமையலறை இல்லை. துளியும் கலக்காது என்று உறுதி கூற முடியாது" என்பதையும் வெளிப்படையாகத் தெரிவிக்கிறார்கள்.

தனித் தட்டைவிட இந்த வார்த்தையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

"இல்லை" என்று உண்மை சொல்பவன், நோயாளியைக் காப்பாற்றுகிறான். தெரியாமலே "ஒன்றும் ஆகாது, சாப்பிடுங்கள்" என்று சிரிப்பவன், அவனைப் படுக்கையில் தள்ளுகிறான். உபசாரம் என்பது சிரிப்பில் இல்லை. உண்மையில் இருக்கிறது!

தயவா, உரிமையா?

"ஒரு சிலருக்காக ஓட்டல்காரர் ஏன் இவ்வளவு தொல்லைப்பட வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம்.

தெருவில் உள்ள கடை என்றால், அடுத்த கடைக்குப் போய்விடலாம். பூங்கா அப்படி அல்ல. நுழைவுச் சீட்டுக்கே பெரும் பணம் வாங்குகிறார்கள். காலையில் உள்ளே போனால் இரவில்தான் வெளியே வருகிறோம். நாள் முழுவதும் பிடித்து வைப்பவருக்கு, தட்டில் என்ன இருக்கிறது என்று சொல்லும் கடமை உண்டு.

ஐரோப்பாவைப் பாருங்கள். பாரிஸ் நகருக்கு அருகிலும் ஒரு டிஸ்னி பூங்கா இருக்கிறது. 1992-ல் திறந்தது. குளூட்டன் உள்ள தானியம் உட்பட 14 பொருள்களில் எது உணவில் இருந்தாலும், ஓட்டல்காரர் சொல்லியே ஆகவேண்டும். 2014 டிசம்பர் 13-ந் தேதி முதல் ஐரோப்பிய யூனியனில் இது சட்டம்.

சட்டம் சொல்ல வைக்கும். சமைக்க வைக்காது. நல்ல மனம் சமைக்க வைக்கும். ஆனால் முதலாளி மாறினால் மனமும் மாறலாம். ஆகவே இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து.

சாப்பிட வருகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. நோய் இல்லாமல், நாகரிகத்துக்காக "எனக்குக் கோதுமை ஆகாது" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் அவர்களே கேக்கை எடுத்துக் கடிக்கிறார்கள்! அதைப் பார்க்கும் சமையல்காரர், அடுத்து வரும் நோயாளியையும் நம்பமாட்டார். "எனக்குப் பிடிக்காது" என்றால் அப்படியே சொல்லுங்கள். நோயின் பெயரை இரவல் வாங்காதீர்கள்.

பெற்றோர்களே!

அமெரிக்காவில் உள்ள மகன் வீட்டுக்கோ, மகள் வீட்டுக்கோ போகும் தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பூங்காவுக்கும் போகின்றன. உங்கள் பேரப்பிள்ளைக்கு இந்த நோய் இருந்தால் இவற்றை மனதில் வையுங்கள்.

"கோதுமை ஆகாது" என்று மட்டும் சொன்னால் போதாது. "சீலியாக் நோய், பார்லியும் ரையும்கூட ஆகாது" என்று சொல்லுங்கள்.

பொரித்த பண்டமா? "எண்ணெய் தனியா?" என்று கேளுங்கள். சீன உணவா? சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு.

டிஸ்னி உலகப் பூங்காக்களுக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம். கண்ணாடிப் பாத்திரம் கூடாது. சுடவைக்கும் உணவாகவும் இருக்கக்கூடாது. நம் புளியோதரை இதற்குப் பொருத்தம்தான்! ஆனால் பெருங்காய டப்பாவைப் படித்துப் பாருங்கள். கடைப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அரிசிச் சோறு என்று நம்பி ஏமாறக்கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளைக்குக் கேட்கக் கற்றுக்கொடுப்பது. "இதில் கோதுமை உண்டா?" என்று அது தன் வாயாலேயே கேட்கட்டும். நாளைக்குப் பள்ளியில், கல்லூரியில், கல்யாண வீட்டில், நீங்கள் பக்கத்தில் இருக்கமாட்டீர்கள்.

கேட்கும் பிள்ளையை "பிடிவாதக்காரன்" என்று ஏசாதீர்கள். அது வீம்பு அல்ல. தன் உயிரைத் தானே காக்கும் அறிவு!