கனமான பையைத் தூக்க முடிகிறதா?
புற்றுநோயாளி எப்படியிருக்கிறார் என்று மருத்துவரே பார்த்து நூற்றுக்கு மதிப்பெண் போட்டது 1940களில் பிறந்த கார்னோஃப்ஸ்கி அளவுகோல். 1993இல் வெளியான ஐரோப்பிய வாழ்க்கைத்தர வினாத்தாளோ பேனாவை நோயாளி கையில் கொடுத்துவிட்டது. மொத்தம் 30 கேள்விகள். கட்டியின் அளவைப் பற்றிப் பேச்சே இல்லை; முதல் கேள்வியே, கனமான கடைப் பையையோ பெட்டியையோ தூக்கச் சிரமப்படுகிறீர்களா என்பதுதான். அப்புறம் தூக்கம், பசி, வாந்தி, பணக்கஷ்டம் (அதுவும் பக்கவிளைவுதானே!) என்று போகிறது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நிரப்பினால் மாற்றம் எண்ணாகத் தெரிந்துவிடும். நூற்றுக்கு 5 முதல் 10 புள்ளி நகர்ந்தால் நோயாளிகளுக்குக் ‘கொஞ்சம்’ மாற்றம், 20ஐத் தாண்டினால் ‘ரொம்பவே’ என்று 1998இல் டேவிட் ஒசோபாவின் ஆய்வுக் குழு கணக்கிட்டது. கேட்பதோடு நிற்காமல் கவனிக்கவும் வேண்டும். நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில் நோயாளிகள் தங்கள் தொந்தரவுகளைக் கணினியில் பதிய, மோசமானால் செவிலியருக்கு உடனே தகவல் போனது; அவர்களில் பாதிப்பேர் 31 மாதங்களுக்கு மேல் வாழ்ந்தார்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு அது 26 மாதம்.