எலிகளை எண்ணி முடிக்கட்டும்



சில வாரங்களுக்கு முன் மாமல்லபுரத்தில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். அர்ச்சுனன் தபசு சிற்பத்தில், யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை கைகளைத் தூக்கித் தவம் செய்யுமே, அதைச் சுற்றி எலிகள் இருக்குமே, நினைவிருக்கிறதா? நாலு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி அதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். விரலை நீட்டி எலிகளை எண்ணத் தொடங்கினாள். மூன்றாவது எலிக்கு வருவதற்குள் அப்பாவின் குரல்: "வாம்மா, இன்னும் அஞ்சு ரதம், கடற்கரைக் கோயில், லைட் ஹவுஸ் எல்லாம் பாக்கணும். ஆறு மணிக்கு மூடிருவாங்க!"

கையைப் பிடித்து இழுத்தார். குழந்தை வீறிட்டு அழுதாள்.

அந்த அப்பாவை எப்படிக் குறை சொல்ல முடியும்? லீவு போட்டு, வண்டி பிடித்து, ரூம் எடுத்து வந்திருக்கிறார். 'இவ்வளவு தூரம் வந்துட்டு பாக்காம போறதா' என்பது நம் எல்லார் வீட்டிலும் கேட்கிற பேச்சுதானே?

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு மே மாதம், ஒரே நாளில் தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் பார்த்துவிடத் திட்டம். பெரிய கோயிலுக்குள் நுழையும்போது உச்சி வெயில். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல் தரையில் ஓடிய என் மகன் பாதியிலேயே நின்று அலறினான். ராஜராஜன் எழுப்பிய 216 அடி விமானத்தை அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை. இப்போது வளர்ந்துவிட்டான். தஞ்சாவூர் என்றால் இன்றும் கால் சுட்டதைத்தான் சொல்கிறான்.

சின்னக் குழந்தைகளுக்குப் பல்லவர், சோழர் எல்லாம் பிறகு வரட்டும். பாறையில் செதுக்கிய குரங்குக் குடும்பம், கன்றை நக்கும் பசு, ரதங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் கல் யானை, இவையே அவர்களுக்குப் போதும். கோயில் வாசலில் குட்டி போட்ட நாயும் அவர்களுக்குப் பார்க்க வேண்டிய இடம்தான். அங்கே பத்து நிமிடம் நின்றால் என்ன குறைந்துவிடும்?

நான் சொல்வது இவ்வளவுதான்: கைக்குழந்தையோ, ஆறு வயதுக்குள் பிள்ளையோ கூட வந்தால், ஒரு நாளைக்கு ஓர் இடம். அதுவும் காலையில். பத்தரை மணிக்குள் பார்த்துவிட்டு ரூமுக்குத் திரும்பி, தயிர் சாதம் ஊட்டித் தூங்க வையுங்கள். சாயங்காலம் கடற்கரையோ பூங்காவோ போதும். தாத்தா பாட்டி கூட வந்திருந்தால், அவர்கள் முழங்காலும் உங்களை வாழ்த்தும்.

ரயிலில் குழந்தை 5 வயதுக்குள் இருந்தால், தனி பெர்த் கேட்காத வரை டிக்கெட் வேண்டாம். 5 முதல் 11 வயது வரை தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி. இரவுப் பயணம் என்றால் பணத்தைப் பார்க்காமல் பெர்த் எடுத்துவிடுங்கள். ஒரே பெர்த்தில் அம்மாவும் பிள்ளையும் ஒடுங்கிப் படுத்துப் போனால், மறுநாள் இருவருக்குமே முகம் சுருங்கித்தான் இருக்கும். ஆக்ராவுக்குப் போகிறவர்கள், தாஜ் மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும். பெரிய பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். குத்துமதிப்பாகப் பாதியைப் போட்டு டம்ளரில் கலக்கக் கூடாது. கூட்டமான இடத்தில் குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு அவசியம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் உங்கள் போனில் போட்டு வையுங்கள்.

விடுமுறைக்கு லிஸ்ட் போட்டிருப்பீர்கள். அதில் பாதி இடங்களை இன்றே அடித்துவிடுங்கள். மீதி இடங்களில், குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். ஊர் திரும்பியதும், உங்கள் பிள்ளை எதைப் பார்த்து நின்றது என்று எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்