ஆய்வுக்கூடத்தின் அறியப்படாத கைகள்

அறிவியலின் வரலாற்றை நாம் பெரும்பாலும் பெயர்களின் வரலாறாகவே படித்து வருகிறோம். இன்னார் கண்டார், இன்னார் பரிசு பெற்றார் என மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அக்கண்டுபிடிப்புக்குரிய அளவுகளை நாள்தோறும் எடுத்தவர் யார், எலிக் கூண்டைத் துப்புரவு செய்து அவ்வுயிரின் நலம் பேணியவர் யார் என எவரும் வினவுவதில்லை. பேச்சு வழக்கில் லேப் டெக்னீசியன் எனப்படும் ஆய்வுக்கூட நுட்பரே அவர். விலங்குகளைக் கொண்டு மூளையை ஆராயும் நரம்பியல் துறையில், ஆய்வின் உண்மைக்கும் உயிரின் நோவுக்கும் ஒருசேரப் பொறுப்பேற்பவை அவருடைய கைகளே என்பது நம் கருத்து.

பணியின் இயல்பு

நரம்பியல் விலங்குகளுக்குப் பட்டுள்ள கடன் பெரிது. நரம்பில் மின்துடிப்பு எங்ஙனம் ஓடுகிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் விளக்கியது கணவாயின் பெருநரம்பைக் கொண்டேயாம். மூளையின் ஆழத்திலுள்ள ஒரு சிறு நரம்புத் திரளைச் செயலிழக்கச் செய்தால் பார்க்கின்சன் நோய்க்குறிகள் தணியும் என்று 1990இல் அமெரிக்க ஆய்வாளர் குரங்குகளில் கண்டனர். அதே இடத்தில் மின்முனை பொருத்தும் மருத்துவம் சில ஆண்டுகளில் பிரான்சு நாட்டில் மனிதருக்கு அளிக்கப்பட்டது.

இத்தகைய ஆய்வுகளில் நுட்பர் ஆற்றும் பணி எளியதன்று. எலியின் மூளையில் ஒரு புள்ளியை எட்ட வேண்டுமெனில், முதலில் மயக்க மருந்தை அளந்து கொடுக்க வேண்டும்; தலை அசையாதவாறு ஸ்டீரியோடாக்சிக் என்னும் சட்டத்தில் பொருத்த வேண்டும்; மண்டையோட்டு எலும்புகள் கூடும் பிரெக்மா என்னும் இடத்தைத் தொடக்கமாகக் கொண்டு, முன்பின், இடவலம், ஆழம் ஆகிய மூன்றையும் அளந்து ஊசியை இறக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் பிசகினும் ஊசி வேறொரு பகுதியைச் சென்றடையக் கூடும். அறுவை முடிந்தபின் உடற்சூடு குறையாமல் காத்து, வலி தணிக்கும் மருந்தளித்து, எலி விழித்தெழும் வரை கண்காணிக்க வேண்டும். ஆய்வின் இறுதியில் அதன் மூளையைப் பதப்படுத்தி, மைக்ரோடோம் கருவியில் 40 மைக்ரான் அளவுள்ள மெல்லிய சீவல்களாக அரிந்து, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிட வேண்டும். ஊசி உரிய இடத்தைத் தொட்டதா என்பது அப்போதுதான் உறுதிப்படும். தவறியிருப்பின், ஓர் உயிர் வீணே போயிற்று என்பதை முதலில் அறிபவரும் நுட்பரே.

கை மாறின் முடிவும் மாறும்

'சொன்னதைச் செய்பவர்தானே' என்று நுட்பரைக் குறைத்து மதிப்பார் உளர். அவர்களுக்கு அறிவியலே விடை தந்துள்ளது. 1999இல் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக மூன்று ஆய்வுக்கூடத்தார், ஒரே மரபினச் சுண்டெலிகளை, ஒரே வயதில், ஒரே வகைச் சோதனைகளுக்கு உட்படுத்தினர். கருவிகளும் ஒத்தே இருந்தன. ஆயினும் சில சோதனைகளில் முடிவுகள் இடத்துக்கு இடம் வேறுபட்டன. சுண்டெலிகளின் வலியுணர்வை ஆராய்ந்த மற்றொரு குழுவினர், விலங்கின் மரபினத்தை விடவும் சோதனை செய்தவர் யார் என்பதே முடிவை மிகுதியாக மாற்றிற்று என 2002இல் எழுதினர்.

சுண்டெலியை வாலைப் பிடித்துத் தூக்கினால் அதன் அச்சம் மிகுகிறது. குழாயிலோ குவித்த உள்ளங்கையிலோ ஏந்தினால் அச்சம் குறைகிறது என்று 2010இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் நிறுவினர். அஞ்சிய எலி தரும் விடை அச்சத்தின் விடையேயன்றி, ஆய்வாளர் கேட்ட வினாவுக்குரிய விடையன்று. ஆகவே இப்பணியில் இரக்கமும் துல்லியமும் இருவேறு பண்புகள் அல்ல. உயிரை மென்மையாகக் கையாள்பவரே உண்மையையும் சிதையாமல் காக்கிறார்.

அறத்தின் வினா

விலங்குச் சோதனையே கூடாது என்பாரும் உளர். அவர்தம் வினா எள்ளத்தக்கதன்று. ரஸ்ஸல், பர்ச் என்னும் இருவர் 1959இல் வெளியிட்ட நூலில் மூன்று நெறிகளை வகுத்தனர். இயன்றவிடத்து விலங்குக்கு மாற்றுக் காண்க, எண்ணிக்கையைக் குறைக்க, நோவு குறையுமாறு முறையைச் செம்மை செய்க என்பன அவை. நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், கைத்திறன் பெறுவதற்காக மட்டும் உயிர்கள் மீது சோதனை செய்யலாகாது என்ற கருத்தை உட்கொண்டுள்ளது. முதலிரு நெறிகளை ஆய்வாளரும் அறநெறிக் குழுவினரும் தாளிலேயே ஆராயலாம். மூன்றாம் நெறியோ நுட்பரின் கையில்தான் உயிர் பெறுகிறது. குழுவினர் காண்பது விண்ணப்பத்தை. மாலை வேளையில் உணவு தொடாமல் மயிர் சிலிர்த்துக் கூனிக் கிடக்கும் எலியைக் காண்பவர் நுட்பர். 'இவ்வுயிருக்கு இதற்குமேல் ஆகாது, நிறுத்துக' என்று அவர் கூறும் சொல்லுக்கு மதிப்பில்லையெனில், எத்தனை விதிகள் இருந்தும் பயனில்லை.

நாம் செய்யத் தக்கன

நுட்பரின் பெயரை மறைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், உடல் நீலம் பாரித்த குழந்தைகளைக் காத்த இதய அறுவை 1944இல் முதன்முதலாக நிகழ்ந்தது. அதற்குரிய முறையை நாய்களில் செய்து பார்த்துத் தேர்ந்தவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பின நுட்பர். கல்லூரிப் படிப்பில்லாத அவர் அறுவையின்போது மருத்துவரின் பின்னே நின்று வழி கூறினார். மறு ஆண்டு வெளிவந்த கட்டுரையிலோ அவர் பெயர் இல்லை. அந்நிறுவனம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது 1976இல்தான்.

நம் கல்லூரிகளிலும் இத்துறைக்குச் செல்லவல்ல மாணவ மாணவியர் பலர் உளர். பாடத்துக்காக விலங்குகளை அறுக்கும் வழக்கத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் தடுத்தது, அது நன்றே. ஆயின் இன்று ஆய்வுக்கூடம் புகும் இளைஞர் பலர் உயிருள்ள எலியை முதன்முதல் கையில் ஏந்துவது அங்கேதான். எனவே கையாளும் முறையைப் பொறுமையுடன் பயிற்றுவித்த பின்னரே பணியில் அமர்த்துதல் வேண்டும். நிறுத்தச் சொல்லும் உரிமையும், கட்டுரையில் பெயர் பெறும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும்.

பெற்றோர்க்கும் சமுதாயப் பெரியோர்க்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. 'மருத்துவராகவில்லையே, டெக்னீசியன்தானே' என்று பிள்ளைகளின் காதுபடக் கூறாதீர்கள். நாளை நம் இல்லத்து முதியவர் ஒருவரின் கை நடுக்கத்தைத் தணிக்கப் போகும் மருந்து, இன்று எங்கோ ஒரு நுட்பரின் நடுங்காத கையில்தான் உருப்பெற்றுக் கொண்டிருக்கும்.