நூறில் தொடங்கும் கடிகாரம்

தாவல் விளையாட்டு ஒன்றை முடித்து வெளியிட்ட குழுவுக்கு அடுத்து வரும் ஆசை, அதையே இன்னும் கடினமாக, இன்னும் வேகமாக ஒரு கூடுதல் தொகுப்பாகக் கொடுக்க வேண்டும் என்பது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்தில் யூனிட்டி, கோடாட் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களில் கை பழகிவரும் இளைஞர்களுக்கும் இது பொருந்தும். ஆசை நியாயமானதுதான். கடைசிக் கட்டம் வரை ஆடி முடித்தவர்களைவிட நெருக்கமான ரசிகர்கள் ஒரு விளையாட்டுக்குக் கிடைக்கமாட்டார்கள். அவர்களுக்குப் பழைய அளவிலேயே மறுபடி பரிமாறினால் சலித்துப்போகும். ஆனால் கடினம் என்றதும் நம் கை போவது முள்ளைக் கூட்டவும், பள்ளத்தை அகலமாக்கவும், எதிரிக்கு உயிரை இரட்டிக்கவும்தான். ஆடுபவர் தோற்கும் வாய்ப்பைக் கூட்டுகிறோம். ஒவ்வொரு தோல்விக்கும் அவர் கொடுக்கும் விலையைக் கணக்கில் எடுப்பதே இல்லை. வாய்ப்பு கூடக் கூட விலை இறங்க வேண்டும் என்பது இந்த இதழின் உறுதியான கருத்து. அதற்கு நேரடியான வழி, கட்டத்தைச் சுருக்குவது.

நின்டெண்டோ 2013-இல் வெளியிட்ட 'நியூ சூப்பர் லூயிஜி யு' இதற்கு நல்ல சான்று. அதற்கு முந்தைய ஆண்டு வீ யு கருவிக்கு வந்த 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் யு'வின் கூடுதல் தொகுப்பு அது. உலக வரைபடம் பழையது. எதிரிகளும் பெரும்பாலும் பழையவர்கள். புதிதாக வரையப்பட்டவை 82 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் கடிகாரம் 100-இல் தொடங்குகிறது. இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1985-இல் வந்த முதல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டின் முதல் கட்டம் 400-இல் தொடங்கும். 100-க்கு இறங்கியதும் இசை வேகமெடுத்து ஆடுபவரை விரட்டும். முன்பு அபாய எல்லையாக இருந்த எண்ணைத் தொடக்கக் கோடாக மாற்றியதால், புதிதாக ஒரு விதியைக்கூடக் கற்பிக்காமல் பதற்றத்தை உண்டாக்க முடிந்தது. கட்டங்களும் அதற்கேற்பக் குட்டையானவை. நடுவில் மறுதொடக்கக் கொடி கிடையாது, கட்டத்தின் குட்டையான நீளத்தில் அதற்குத் தேவையும் இல்லை. கொடிக்கம்பத்தின் காலடியில் வந்து விழுந்தாலும் இழப்பது அந்த நூறு எண்ணிக்கைதான். மறுபடி அதே இடத்துக்கு வர அதிக நேரம் ஆகாது.

மாரியோவுக்குப் பதில் லூயிஜி என்பதும் வெறும் வேடமாற்றம் அல்ல. அவன் அதிக உயரம் தாவுவான், காற்றில் சற்றுக் கூடுதலாக மிதப்பான், தரையில் இறங்கியதும் வழுக்குவான். ஒரு குறுகிய பலகையில் இறங்குவதை எடுத்துக்கொள்வோம். மாரியோவை ஆடிப் பழகிய விரல், கால் பலகையில் பட்டதும் திசைப் பொத்தானை விட்டுவிடும். லூயிஜியிடம் அப்படி விட்டால் மறுமுனையைத் தாண்டிப் போய்விடுவான். கால் படும் முன்பே எதிர்த்திசையைத் தொட்டுவிட வேண்டும். பழைய பலகை, பழைய பள்ளம், விரல் மட்டும் புதிதாகப் பழக வேண்டும். மூன்று பேர் கொண்ட சிறு குழுவாலும் செய்யக்கூடிய மாற்றம் இது: உடலின் ஒரு குணம், கடிகாரத்தின் ஒரு எண். புதிதாக ஓர் எதிரிப் படையை வரைவதைவிட இதற்குச் செலவு குறைவு, பலனோ அதிகம்.

இதே நிறுவனம் 1986-இல் ஜப்பானில் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' வேறு பாதையில் போனது. அங்கும் உயரம் தாவி வழுக்கும் லூயிஜி உண்டு. ஆனால் கூடவே தொட்டால் தீங்கு செய்யும் நச்சுக் காளானும், உலகம் 3-இலிருந்து 1-க்குத் திருப்பி அனுப்பும் குறுக்குவழியும் வந்தன. காளான் என்றால் வலிமை, குறுக்குவழி என்றால் முன்னேற்றம் என்று முதல் விளையாட்டு கற்றுக்கொடுத்ததையே இது கண்ணியாக்கியது. தோல்வியின் விலை இங்கே உச்சத்துக்குப் போகிறது, ஏனென்றால் ஆடுபவர் இழப்பது நேரத்தை மட்டுமல்ல, விளையாட்டின் சொல்மீது வைத்த நம்பிக்கையையும். அமெரிக்கக் கிளை அதை அப்போது வாங்கிக்கொள்ளவில்லை. 1993-இல் ஒரு தொகுப்பின் பகுதியாகத்தான் 'லாஸ்ட் லெவல்ஸ்' என்ற பெயரில் அங்கே போய்ச் சேர்ந்தது. அதை விரும்பி ஆடுவோர் இன்றும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பார்த்துப் பின்பற்றத்தக்க மாதிரி அது அல்ல.

2018-இல் வந்த 'செலஸ்ட்' என்ற தாவல் விளையாட்டு இந்தக் கணக்கை இன்னும் துல்லியமாகப் போட்டது. அதன் பி பக்கங்கள் மூலக் கட்டங்களைவிடக் கடினம். சி பக்கங்கள் அதனினும் கடினம், ஆனால் பெரும்பாலும் மூன்றே திரைகள். மறுஆண்டு இலவசமாக வந்த 'ஃபேர்வெல்' அத்தியாயம் நூறு திரைகளைத் தாண்டும். நம் வாதத்துக்கு இது எதிர்ச்சான்று போலத் தெரியலாம். ஆனால் அங்கே விலையைக் குறைப்பது அத்தியாயத்தின் நீளம் அல்ல, திரையின் நீளம்: விழுந்தால் அந்தத் திரையின் தொடக்கத்துக்கே போகிறோம், கண்ணிமைக்கும் நேரத்தில். எங்கே விழுந்தோம், எங்கிருந்து மறுபடி தொடங்குகிறோம் என்ற இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைத்தான் அளக்க வேண்டும்.

நம் மாவட்டத்தில் இந்த அறிவு புதிதல்ல. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் வாழ்ந்துவரும் அடிமுறை என்ற தற்காப்புக் கலையில் முதலில் தனித்தனி அடிகளைப் பழகும் ஒற்றைச்சுவடு. அது உடம்பில் ஏறிய பிறகு கூட்டச்சுவடு. கூட்டச்சுவட்டின் கடினம், தெரிந்த அடிகளை இடைவெளியில்லாமல் கோப்பதிலும் அந்தக் கோவையை விரைவாக்குவதிலும் இருக்கிறது. மாணவன் எங்கே தடுமாறுகிறான் என்று ஆசான் கண்ணால் பார்த்து, அந்த இடத்திலிருந்தே மறுபடி செய்யச் சொல்வார். நம் விளையாட்டுக்குள் ஆசான் இல்லை. அவர் செய்யும் வேலையைக் கட்டத்தின் நீளமும் மறுதொடக்கப் புள்ளியும்தான் செய்தாக வேண்டும்.

காசு கொடுப்பவருக்குக் குட்டைக் கட்டங்கள் ஏமாற்றமாகாதா என்று கேட்கலாம். லூயிஜியின் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் மூன்று நட்சத்திரக் காசுகள் உண்டு. நூறு எண்ணிக்கைக்குள் மூன்றையும் எடுத்துக்கொண்டு கொடிக்கம்பத்தை அடைய, எதை எந்த வரிசையில் எடுப்பது என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். ஒரே கட்டத்தைப் பலமுறை ஆட வைப்பது அந்தத் தீர்மானம்தான். குட்டைக் கட்டத்துக்கு இப்படி ஒரு தேர்வை வைக்காவிட்டால் கேள்வி நியாயமாகிவிடும்.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கனமானது. கை நடுங்குபவர், பார்வை மங்கியவர், வயதானவர் இவர்களைக் கடிகாரம் வெளியே தள்ளிவிடுகிறது. லூயிஜி தொகுப்பில் நாபிட் என்ற பாத்திரம் உண்டு. எதிரிகள் தொட்டாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது, பள்ளத்தில் விழுந்தால் உயிர் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் தனியாக ஆடுபவர் அவனைப் பெற, கட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். 2019-இல் ஸ்விட்சுக்கு வந்த பதிப்பில்தான் அவன் வெளிப்படையாகப் பட்டியலில் நின்றான். அவனுக்கும் கடிகாரம் அதே 100-தான். ஆகவே இந்த எதிர்ப்புக்கு லூயிஜி தொகுப்பு பாதி பதில்தான் சொல்கிறது. முழுப் பதில் செலஸ்ட்டின் உதவி முறையில் இருக்கிறது. விளையாட்டின் வேகத்தையே பாதி வரை இறக்கிக்கொள்ளலாம், அதற்காக எந்தக் கட்டமும் பூட்டப்படுவதில்லை. இப்படிச் செய்தால் கடினத்தின் மதிப்பு குறையும் என்போருக்கு ஒன்று சொல்ல வேண்டும். முழு வேகத்தில் ஆடுபவரின் திரையில் இதனால் ஒரு புள்ளிகூட மாறுவதில்லை.

நம் ஊரில் மறக்கக் கூடாத ஒன்று, பெரும்பாலோர் ஆடுவது போனில். நொடிக்கு 60 பிரேம் ஓடும்போது ஒரு பிரேம் ஏறக்குறைய 17 மில்லி நொடி. விலை மலிந்த போன் சூடேறி 30-க்கு இறங்கினால் அது 33 ஆகிறது. விளிம்பைத் தாண்டிய பிறகும் குதிக்க விடும் சலுகை நேரம், அதாவது நாம் கொயோட்டி டைம் என்பது, செலஸ்ட்டில் 0.1 நொடி. உங்கள் நிரலில் அதைப் பிரேம் கணக்கில் எழுதியிருந்தால் போனுக்குப் போன் அது வேறு அளவாகிவிடும். நொடிக் கணக்கில் எழுதுங்கள். யூனிட்டியில் குதிக்கும் பொத்தானின் அழுத்தத்தை, பிரேமுக்கு ஒருமுறை ஓடும் அப்டேட்டில் படிக்காமல், இயக்கத்துக்கான நிலையான இடைவெளியில் ஓடும் ஃபிக்ஸ்ட் அப்டேட்டுக்குள் படிப்பது பரவலாக நடக்கும் பிழை. அந்தச் சுழற்சி சில பிரேம்களில் ஓடுவதே இல்லை, அந்தப் பிரேமில் விழுந்த அழுத்தம் காணாமல் போகும். மூல விளையாட்டின் தாராளமான கட்டங்களில் இது யார் கண்ணிலும் படாது. நூறில் தொடங்கும் கடிகாரத்தின் கீழ் பள்ளத்தில் விழுகிறவருக்கோ, தான் அழுத்தியது நிச்சயமாகத் தெரியும். அழுத்தத்தை அப்டேட்டில் படித்துச் சேமித்து, இயக்கத்தை ஃபிக்ஸ்ட் அப்டேட்டில் செய்து, மலிவான போன் ஒன்றில் சரிபார்க்கும் வரை கடினத் தொகுப்பின் முதல் கட்டத்தைக்கூட வரையத் தொடங்க வேண்டாம்.