பண்டிகையும் இரத்த தானமும்

தீபாவளி வந்தால் புத்தாடையும் பட்சணமும் பட்டாசும் நம்மவர் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அந்த வாரத்தில் ஆஸ்பத்திரி இரத்த வங்கியில் இருப்போரின் கவலை வேறு. கல்லூரிகள் மூடப்படுகின்றன; அங்கு நடைபெறும் முகாம்கள் நின்றுவிடுகின்றன; வழக்கமாகக் கொடுப்போர் ஊருக்குப் பயணமாகிவிடுகின்றனர். பிரசவத்தில் உதிரம் பெருகும் தாய்க்கும், தலசீமியா நோயால் சில வாரங்களுக்கு ஒரு முறை பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டே உயிர் வாழும் குழந்தைக்கும் விடுமுறை ஏது? போதாக்குறைக்கு, ஐப்பசி மழையோடு டெங்குக் காய்ச்சலும் வந்து சேர்கிறது.

ஆகவே, குடும்பத்தோடு சென்று இரத்தம் கொடுப்பதைத் தீபாவளி வழக்கங்களுள் ஒன்றாகக் கொள்ள வேண்டுமென்று நாம் கூறுகிறோம். 'முகாம்களுக்கா நம் நாட்டில் பஞ்சம்?' என்று தொண்டர்கள் கேட்கக் கூடும். தலைவர்களின் பிறந்த நாள்தோறும் அவற்றை நடத்துபவர்கள் அவர்களே அன்றோ! அவர்களது ஊக்கத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. எனினும், ஒரே நாளில் ஐந்நூறு பேர் கொடுத்த இரத்தம் எத்தனை நாள் இருக்கும்? சிவப்பணுக்களைக் குளிரில் 35 முதல் 42 நாள் வரையே வைத்திருக்கலாம். தட்டணுக்களுக்கோ 5 நாளே ஆயுள். சித்திரையில் கொடியும் மாலையும் புகைப்படக்காரரும் சூழக் கொடுத்த இரத்தம் ஐப்பசியில் எவர்க்கும் உதவாது. தலைவர் பிறந்த நாள் தலைவருக்கு உகந்த நாள். நோயாளி அந்த நாளைப் பார்த்து நோயுறுவதில்லை.

பணத்துக்கு இரத்தம் விற்பது, சுப்ரீம் கோர்ட்டின் 1996-ஆம் வருஷத் தீர்ப்பையொட்டி, 1998 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. நல்லதே. ஆனால் விற்பவன் போன இடத்தில் கொடுப்பவன் வந்து நிற்காவிடில், சுமை நோயாளியின் உறவினர் தலையில் விழுகிறது. ஊரெல்லாம் வெடி வெடிக்கும் நாளில் கையில் சீட்டுடன் ஆள் தேடி அலைவது எத்தகைய தீபாவளி!

குடும்பமாகச் செல்வதில் வேறொரு நன்மையும் உண்டு. அதை நாம் பெரிதாகவே மதிக்கிறோம். 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ளவர் கொடுக்கலாம். கொடுக்குமுன் விரலில் ஒரு சொட்டு எடுத்து, ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தகப்பனார் தேறுவார்; மகன் தேறுவான்; பல வீடுகளில் தாயார் தேறமாட்டார். 15 முதல் 49 வயது வரையுள்ள இந்திய ஸ்திரீகளில் 100-க்கு 57 பேர் சோகையுற்றிருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு கண்டது. அனைவர்க்கும் இலை போட்டுவிட்டு மிஞ்சியதை உண்பவரின் நிலை இது. நாலு நாள் அடுப்படியில் நின்று பலகாரம் செய்தவரை, 'உமக்கே இரத்தம் போதாது' என்று திருப்பி அனுப்பும்போது, உடன் வந்த புருஷர்கள் வெட்கப்பட வேண்டும்; அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்லவும் வேண்டும்.

கொடுத்தால் பலம் குன்றும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. தேகத்திலுள்ள ஏறக்குறைய 5 லிட்டரில் எடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர். நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். அணுக்கள் சில வாரங்களில் நிரம்பும். புருஷர்கள் 90 நாளும் ஸ்திரீகள் 120 நாளும் கழித்து மறுபடி கொடுக்கலாம்.

ஒரு தெருவில் பத்துக் குடும்பங்கள் முன்வந்தால், பத்தும் ஒரே நாளில் கிளம்ப வேண்டாம். இரத்த வங்கியைக் கலந்துகொண்டு, பண்டிகைக்கு முன்னும் பின்னுமாக நாட்களைப் பிரித்துக்கொள்ளலாம். தொண்டர்கள், கொடியை வீட்டில் வைத்துவிட்டு, அந்த ஜாபிதாவைத் தயாரிக்கட்டும்.