சௌல்தாரிக்கு இருப்பது ஒரே வாக்கு

தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் வாழ்பவருக்கு எம்.எல்.ஏ. கிடையாது. அந்தமான் நிக்கோபாருக்குச் சட்டமன்றமே இல்லை. ஊராட்சி அமைப்புகளைத் தாண்டினால், அவர் வாக்களித்து அனுப்புவது மக்களவை உறுப்பினர் ஒருவரை மட்டும்தான். அரசியலமைப்பின் 240-வது பிரிவின்படி இத்தீவுகளுக்குக் குடியரசுத் தலைவர் ஒழுங்குமுறைகளைப் பிறப்பிக்கலாம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தையே அவை இங்கே திருத்தலாம், நீக்கலாம். அத்தனை அதிகாரத்துக்கும் எதிரே நிற்பது டெல்லியில் ஒரு நாற்காலி. அதிலும் 1967 வரை நியமன உறுப்பினர்தான் உட்கார்ந்தார்.

தீவு மக்கள் முதன்முதலாகத் தங்கள் எம்.பி.யைத் தேர்ந்தெடுத்த அதே 1967 தேர்தலில்தான் சுதந்திரா கட்சி 44 இடங்களைப் பிடித்து, மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சியானது. அரசின் கை குடிமகனின் நிலத்திலும் தொழிலிலும் எவ்வளவு தூரம் நீளலாம் என்பதையே முதல் கேள்வியாக வைத்த அணி, இந்திய நாடாளுமன்றத்தில் அவ்வளவு பெரிதாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

அதன் தொடக்கம் 1959. அந்த ஆண்டு ஜனவரியில் நாக்பூரில் கூடிய காங்கிரஸ், கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டது. உள்ளேயே இருந்து எதிர்த்துப் பேசினார் சரண் சிங். வெளியே வந்து கட்சி தொடங்கினார் ராஜாஜி, வயது 80. 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்று அவர் வைத்த பெயர் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தலைவராக விவசாயிகள் தலைவர் என்.ஜி. ரங்கா, பொதுச் செயலாளராக மினூ மசானி. 1934-இல் காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர் இதே மசானி! கட்சிக்கு 21 கொள்கைகள். அவற்றுக்கு வெளியே உள்ள விஷயங்களில் உறுப்பினர் தம் கருத்துப்படி நடக்கலாம் என்பதும் அவற்றில் ஒன்று. கட்சி விதியாக இதை எழுதிவைக்கத் துணிச்சல் வேண்டும்.

மகாராஜாக்களின் கட்சி என்ற ஏச்சும் பொய்யில்லை. ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி தொடங்கிப் பல அரண்மனைகள் அதன் பின்னால் நின்றன. ஆனால் 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது உச்ச நீதிமன்றத்துக்குப் போய், அடுத்த பிப்ரவரியில் வென்றவர் அக்கட்சியைச் சேர்ந்த ஆர்.சி. கூப்பர். அடிப்படை உரிமை வழக்குகளில் வழக்கறிஞர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துப் பேசுகிறார்கள். 1971-இல் கட்சி 8 இடங்களாகச் சுருங்கியது. 1974-இல் அதன் பெரும்பகுதி போய்ச் சேர்ந்த இடம், நாக்பூரில் எதிர்த்துப் பேசிய அதே சரண் சிங்கின் பாரதிய லோக் தளம்.

அமெரிக்காவில் இந்தப் போக்கினர் தனிக் கட்சி தொடங்க வேண்டியதில்லை. 2015-இல் உருவான ஃப்ரீடம் காகஸ் குடியரசுக் கட்சிக்கு உள்ளேயே இயங்குகிறது. பிரதிநிதிகள் சபைத் தலைவர் ஜான் பெய்னர் அதே ஆண்டு பதவி விலகியதில் அதன் நெருக்குதலுக்குப் பெரும் பங்கு உண்டு. 2023 ஜனவரியில் கெவின் மெக்கார்த்தி சபைத் தலைவராக 15 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. முரண்டு பிடித்தவர்களில் பெரும்பாலோர் இந்தக் குழுவினர். சுதந்திரம் பேசும் இவர்களுக்கும் ஒரு கடிவாளம் உண்டு: ஐந்தில் நான்கு பங்கினர் ஒரு முடிவெடுத்தால் மற்றவர்களும் அதன்படியே வாக்களிக்க வேண்டும். நிறுவனர்களில் ஒருவரான ஜஸ்டின் அமாஷ் 2019-இல் குழுவை விட்டார், அடுத்த மாதமே கட்சியையும் விட்டார். அவர் பதவி பறிபோகவில்லை.

இங்கே பறிபோகும். 1985-இல் வந்த 52-வது திருத்தமும் பத்தாவது அட்டவணையும் கொறடாவின் உத்தரவை மீறுபவரைத் தகுதி நீக்கம் செய்ய வழிவகுத்தன; வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் அதே கதிதான். கட்சித் தாவலைத் தடுக்க வந்த சட்டம் தாவலையும் ஒழிக்கவில்லை, மாற்றுக் கருத்தையும் விட்டுவைக்கவில்லை. எல்.ஐ.சி. பணம் முதலீடு செய்யப்பட்ட முந்த்ரா விவகாரத்தைக் கிளப்பி, 1958-இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகக் காரணமான பெரோஸ் காந்தி ஆளுங்கட்சி உறுப்பினர்தான். இன்றும் ஒருவர் அப்படிப் பேசலாம். வாக்கெடுப்பு மணி அடித்ததும் பேசியதற்கு எதிராகக் கை தூக்க வேண்டும், அவ்வளவுதான்.

உத்தரப் பிரதேசத்துக்கு 80 எம்.பி.க்கள், பல கட்சிகளில் சிதறி இருப்பதால் எல்லாக் குரலும் எப்படியோ அவைக்குள் ஒலித்துவிடும். சௌல்தாரிக்கு அந்த வசதி இல்லை. அதன் ஒரே வாக்கு கொறடாவின் கையில் போனால் மிச்சம் ஒன்றுமில்லை.

ராஜாஜியின் வாய்ப்பாட்டை அப்படியே கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பவும் முடியாது. ஜாராவா மக்களின் காட்டுக்குள் வெளியார் நுழையத் தடை போடும் 1956-ஆம் ஆண்டுப் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் ஒரு பெர்மிட் ஏற்பாடுதான். அதை எடுத்தால் அழிவது அவர்களின் சுதந்திரம். எந்த பெர்மிட் இருக்க வேண்டும், எது தேவையில்லை என்பதை வழக்குக்கு வழக்கு வாதாடத்தான் அவையில் சுதந்திரமான வாக்கு வேண்டியிருக்கிறது.

கொறடாவின் அதிகாரத்தை அரசின் ஆயுளைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளோடு நிறுத்தலாம் என்று தினேஷ் கோஸ்வாமி குழு 1990-லேயே சொல்லிவிட்டது. மணீஷ் திவாரி இதே நோக்கில் 2010-லும் 2021-லும் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். ஆனால் 1970-க்குப் பிறகு தனிநபர் மசோதா எதுவும் இரு அவைகளிலும் நிறைவேறிச் சட்டமானதில்லை. திருத்தத்தை அரசே கொண்டுவர வேண்டும். அதற்கு முன்னோடியாக, எம்.எல்.ஏ. இல்லாத யூனியன் பிரதேசங்களின் எம்.பி.க்களுக்காவது, தங்கள் பகுதியைப் பற்றிய மசோதாக்களில் கொறடா உத்தரவு கிடையாது என்று கட்சிகள் இன்றே அறிவிக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.