16 கோர் சேர்வர் வாங்க முன் ஊர்மக்களுக்கு நாங்கள் சொல்வது



பாடசாலைக் கணினிக் கூடத்துக்குப் புதிய சேர்வர் வாங்க ஜும்ஆவுக்குப் பிறகு காசு சேர்க்கிறோம். கூலி வேலை செய்பவர் முதல் வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர் வரை கொடுத்திருக்கிறார்கள். கொடுத்த எல்லோருக்கும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். ஆனால் வந்திருக்கும் கொட்டேஷனைப் பார்த்த பிறகு கணினி படிப்பிக்கும் நாங்கள் வாய்மூடி இருக்க முடியாது. முதல் வரியில் பெரிய எழுத்தில் 16 கோர் புரொஸஸர். கடைசி வரியில் சின்ன எழுத்தில் 7200 சுற்று ஹார்ட் டிஸ்க். காசின் பெரும்பகுதி முதல் வரிக்கே போகிறது.

"இப்ப இருக்கிறது 4 கோர். 16 போட்டா நாலு மடங்கு வேகம்" என்று வட்ஸ்அப் குழுவில் எழுதுகிறார்கள். விற்பவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அது பிழை.

கூடத்தில் என்ன நடக்கிறது என்று வந்து பாருங்கள். பாடவேளை 40 நிமிடம். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்பு முழுவதும் செய்த வேலையைச் சேர்வரில் சேமிக்கிறது. எல்லாத் திரையும் உறைந்து நிற்கும். அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள். அந்த நேரத்தில் சேர்வரில் என்ன ஓடுகிறது என்று நாங்கள் பலமுறை திறந்து பார்த்திருக்கிறோம். புரொஸஸர் கிட்டத்தட்டச் சும்மா இருக்கிறது. டிஸ்க் மட்டும் 100 சதவீதம். இருக்கும் 4 கோருக்கே வேலை இல்லை. இன்னும் 12 பேரைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைக்கவா நாம் ஊரில் காசு சேர்க்கிறோம்?

ஏன் இப்படி? 7200 சுற்று டிஸ்க் செக்கனுக்கு 120 தடவை சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். தேவையான இடம் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிசெக்கனுக்கு மேல் காத்திருக்க வேண்டும். தலை நகரும் நேரம் வேறு. 3 கிகாஹேர்ட்ஸ் கோர் ஒன்று அந்த 4 மில்லிசெக்கனில் 1 கோடியே 20 லட்சம் துடிப்புகளைக் கடந்துவிடும். அத்தனையும் காத்திருப்பு. கோரைக் கூட்டினால் காத்திருப்பவர்களின் எண்ணிக்கை கூடும், டிஸ்க் வேகமாகச் சுழலாது.

"சரி, நல்ல டிஸ்க்கும் போடுவோம், 16 கோரும் போடுவோம்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கும் பதில் இருக்கிறது, ஆனால் அதற்குக் கோப்பு முறைமை எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு பிள்ளை சேமி என்று அழுத்தினால் பணிசெயல் முறைமை நாலு காரியம் செய்கிறது. கோப்புறையில் பெயரை எழுதுகிறது. டிஸ்க்கில் காலி இடம் எது என்று பார்த்து ஒதுக்குகிறது. கோப்பின் அளவு, நேரம், உரிமையாளர் பற்றிய குறிப்பைத் திருத்துகிறது. இடையில் கரண்ட் போனாலும் எல்லாம் குழம்பிவிடாமல் இருக்க ஜேர்னலில் பதிகிறது. இரண்டு கோர்கள் ஒரே நேரத்தில் ஒரே காலி இடத்தை இரண்டு கோப்புகளுக்குக் கொடுத்துவிட்டால் ஒருவரின் வேலை அழிந்துவிடும். அதனால் அங்கே பூட்டு இருக்கிறது. ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர் வெளியே நிற்க வேண்டும்.

நோன்பு காலத்தில் அஸருக்குப் பிறகு பள்ளியில் கஞ்சி கொடுக்கும் இடத்தை நினையுங்கள். ஒரு கிடாரம், ஒரு அகப்பை. ஊற்றிக் கொடுக்கப் பத்து இளைஞர்கள் நின்றாலும் வாளியோடு நிற்கும் பிள்ளைகளின் வரிசை வேகமாக நகராது. அகப்பை ஒருவர் கையில்தான் இருக்கும். மற்ற ஒன்பது பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டு, வழியையும் அடைத்துக்கொண்டு நிற்பார்கள்.

இது வெறும் உவமை இல்லை. லினக்ஸ் 1996இல் ஒன்றுக்கு மேற்பட்ட புரொஸஸர்களில் ஓடத் தொடங்கியபோது அதன் கேர்னலுக்கு ஒரே ஒரு பெரிய பூட்டுத்தான் இருந்தது. அந்த ஒற்றை அகப்பையைத் துண்டு துண்டாகப் பிரித்து, கடைசி மிச்சத்தையும் அகற்றி முடிக்க 2011 மே மாதம் வரை ஆனது. பதினைந்து வருடம்! உலகின் மிகத் திறமையான பொறியியலாளர்கள் செய்த வேலை அது. கோரைக் கூட்டினால் போதும் என்றிருந்தால் அவர்கள் ஏன் அவ்வளவு பாடுபட வேண்டும்?

2010இல் எம்ஐடி ஆய்வாளர்கள் 48 கோர் இயந்திரத்தில் லினக்ஸை ஓட்டிப் பார்த்தார்கள். மின்னஞ்சல் சேர்வர் ஒன்று 48 கோருக்குப் போனபோது அதன் வேலை கூடாமல் சரிந்தது. காரணம் டிஸ்க் அல்ல. எந்தக் கோப்பு முறைமை எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்ற ஒரு பட்டியலைப் பார்க்க ஒவ்வொரு கோரும் ஒரே பூட்டுக்காகச் சண்டை போட்டது. பட்டியலை மாற்றுவதற்கு அல்ல, சும்மா வாசிப்பதற்கு. தீர்வு என்ன? ஒவ்வொரு கோருக்கும் அந்தப் பட்டியலின் சொந்தப் பிரதி. ஏழு மென்பொருள்களைச் சோதித்து அவர்கள் கேர்னலில் மாற்றியது மொத்தம் சுமார் 3000 வரிகள்தான்.

2011 மார்ச்சில் வந்த லினக்ஸ் 2.6.38இல் இன்னொரு பெரிய மாற்றம் வந்தது. கோப்பின் பாதையைத் தேடும்போது ஒவ்வொரு கோப்புறையிலும் பூட்டுப் போட்டுத் திறக்கும் வழக்கம் பெரும்பாலும் நின்றது. பள்ளிச் சுவரில் தொழுகை நேர அட்டவணை இருக்கிறது. அதை வாசிக்க நாம் யாரிடமும் சாவி கேட்பதில்லை, நூறு பேர் ஒரே நேரத்தில் பார்க்கலாம். மாற்றுபவர் மட்டும் கவனமாக மாற்றினால் போதும். அதே யோசனைதான்.

எழுதுவதற்கும் வழி கண்டார்கள். 1990களில் சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எக்ஸ்எப்எஸ் கோப்பு முறைமை டிஸ்க்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் காலியிடப் பட்டியலும் தனிப் பூட்டும் வைத்தது. ஒரு கிடாரத்துக்குப் பதிலாக நாலு கிடாரம், நாலு அகப்பை. டிஸ்க்குக்குப் போகும் வரிசையும் அப்படித்தான். பழைய சாட்டா முறையில் ஒரே வரிசை, அதில் ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் மட்டும். என்விஎம்இ முறையில் 65,000க்கும் மேற்பட்ட வரிசைகள் இருக்கலாம், அதனால் கோருக்கு ஒரு வரிசை கொடுக்க முடிகிறது. 2014 ஜனவரியில் வந்த லினக்ஸ் 3.13 அதற்கேற்ற பல வரிசை முறையைக் கொண்டுவந்தது.

இவ்வளவு செய்த பிறகும் வேலை முடியவில்லை. 2016இல் ஜோர்ஜியா டெக் ஆய்வாளர்கள் 80 கோர் இயந்திரத்தில் ஐந்து கோப்பு முறைமைகளைச் சோதித்தார்கள். எல்லாக் கோர்களும் ஒரே கோப்புறைக்குள் கோப்புகளை உருவாக்கினால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடிந்தது. கோப்புறை ஒன்று, பூட்டும் ஒன்று.

கணக்கும் இதைத்தான் சொல்கிறது. ஆம்டால் 1967இல் முன்வைத்த விதி இது. வேலையில் கால்வாசி வரிசையில்தான் நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 கோர் 2.3 மடங்கு வேகம் தரும். 16 கோர் 3.4 மடங்கு. ஆயிரம் கோர் போட்டாலும் 4 மடங்கைத் தாண்டாது. நாலிலிருந்து பதினாறுக்குப் போனால் நாலு மடங்கு வேகம் என்றவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கிடைப்பது ஒன்றரை மடங்கு. அதுவும் டிஸ்க் இடையில் மறிக்காவிட்டால்தான்.

"எதிர்காலத்துக்கு உதவும்" என்பது அடுத்த வாதம். எதிர்காலத்தில் 16 கோருக்கு வேலை வந்தால் அப்போது வாங்கலாம், அப்போது விலையும் குறைந்திருக்கும். இன்று பிள்ளைகள் நிற்கும் வரிசையை இன்றே குறைக்க வேண்டும். "இதெல்லாம் நிபுணர்களுக்குத்தான் விளங்கும்" என்று ஒரு பெரியவர் சொன்னார். மரியாதையோடு சொல்கிறோம் ஹாஜியார், கஞ்சி வரிசை ஏன் நகரவில்லை என்று கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இப்ப எங்கட சேர்வர்ல வரிசை எங்க நிக்குது?" அதற்கு அளந்து பதில் சொல்லாதவரிடம் ஊர்க்காசைக் கொடுக்கக் கூடாது.

நாங்கள் சும்மா குறை சொல்லிவிட்டுப் போகவில்லை. நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது இவை.

ஒன்று, இருக்கும் 4 கோர் இயந்திரத்திலேயே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என்விஎம்இ எஸ்எஸ்டி போடுங்கள். அதில் சுழல்வது எதுவும் இல்லை, அந்த 4 மில்லிசெக்கன் காத்திருப்பும் இல்லை. அதைப் பூட்ட இடமில்லாத பழைய பலகை என்றால் சாட்டா எஸ்எஸ்டியாவது போடுங்கள்.

இரண்டு, நினைவகத்தைக் கூட்டுங்கள். அடிக்கடி திறக்கும் கோப்புகளை முறைமை அங்கேயே வைத்துக்கொள்ளும், டிஸ்க்குக்குப் போகவே தேவையில்லை.

மூன்று, எல்லா வகுப்பும் ஒரே கோப்புறையில் குவிக்கும் வழக்கத்தை நாங்களே நிறுத்துகிறோம். வகுப்புக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று பிரிக்கிறோம். உண்மையைச் சொன்னால் எங்கள் அளவுக் கூடத்தில் இதனால் வரும் வேகம் பெரிதாக இராது. ஆனால் நல்ல பழக்கம், காசும் போகாது.

நாலு, இதற்குப் பிறகும் வரிசை நின்றால் மறுபடி அளப்போம். புரொஸஸரில்தான் வரிசை என்று தெரிந்தால் கோர் கேட்டு முதலில் கையேந்துபவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

மிச்சக் காசுக்குப் பிள்ளைகள் உட்கார நாற்காலி வாங்கலாம். மூன்று பேருக்கு ஒரு கணினி என்று இருப்பதை இரண்டு பேருக்கு ஒன்று ஆக்கலாம். அது கோரை விட அவர்களுக்குப் பயன்படும்.

ஸதகாவாக வந்த காசு அமானத். அதை விற்பவரின் பெரிய எழுத்துக்குக் கொடுத்தால் வீண்விரயம், பிள்ளைகளின் ஐந்து நிமிடத்துக்குக் கொடுத்தால் நன்மை. வரும் ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகிகள் கூடத்துக்கு வாருங்கள். சேர்வர் திரையைத் திறந்து காட்டுகிறோம். கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதுவரை அந்தக் கொட்டேஷனில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறோம்.